அழித்துப் பதிந்த கேசட்டுகள்

அன்புள்ள மகனுக்கு,

உனக்கு ஏழு வயது நடந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, நான் அழுததையும் அழிச்சிட்டீங்களா?" டேப் ரெக்கார்டர் சாப்பாட்டு மேசைமேல் இருந்தது. கேசட்டைப் பின்னால் ஓட்டி, நீ விம்மிய இடத்தின் மேல் நீ ஒன்பதாம் வாய்ப்பாடு ஒப்பித்ததைப் பதிந்து முடித்திருந்தேன். "அழிச்சிட்டேன்டா கண்ணு. அம்மா கேட்டா பாவம் இல்லையா?" என்றேன். நீ தலையாட்டிவிட்டு எழுந்து போனாய். ஒரு பிள்ளை கேட்பது நல்ல கேள்வியா என்று ஆசிரியனுக்கு உடனே தெரிந்துவிடும். அது நல்ல கேள்வி. நான் சொன்னது அதற்குப் பதிலே இல்லை என்று புரிய எனக்கு முப்பது வருடத்துக்குக் கிட்ட ஆயிற்று.

இந்தக் கடிதத்தை முதலில் உனக்குத்தான் கொடுத்தனுப்புகிறேன். நீ சம்மதித்தால் பிறகு நம் மாதா கோயில் பங்கு மலரிலும் வரட்டும். அதை நினைத்துத்தான் பெயர்களை மாற்றியிருக்கிறேன். விமலா என்கிற மருமகளும் ஷைனி என்கிற பேத்தியும் யார் என்று உனக்குத் தெரியும். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை நீ எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், ஒருவரை வெளிநாட்டுக்கோ கப்பலுக்கோ அனுப்பிவிட்டு மிச்சப் பேர் இங்கே இருக்கிற வீடு ஒன்றாவது இருக்கும். அந்த வீட்டில் என்னைப்போல ஒரு ஆளும் இருப்பான், எல்லாவற்றையும் நல்லபடியாக நடத்திக் கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு. அவனும் படிக்கட்டும்.

உன் அம்மா வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போனபோது உனக்கு ஐந்து வயது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் லீவு. போன் என்பது எப்போதாவது, அதுவும் யார் வீட்டிலோ போய் நின்று பேசுவது. எங்களுக்குள் பேச்சு என்றால் கேசட்தான். ஊருக்கு வந்து திரும்பும் யாரிடமாவது கொடுத்து விடுவோம். அவள் பேசிய கேசட் வேறொருவர் பெட்டியில் வரும். நான் அப்போது கீரப்பாளையம் பக்கத்துப் பள்ளியில் வேலை பார்த்தேன். கடலூர் முதுநகரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஆகவே ஞாயிறு பூசை முடிந்து வந்த பிறகுதான் பதிவு. அதற்கென்று ஒரு தாளில் குறிப்பு எழுதி வைப்பேன்: உன் மதிப்பெண், புதுச் சட்டை, நீ கற்றுக்கொண்ட பாட்டு, முருங்கை காய்த்தது. பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னா வாத்தியாரே, ரேடியோ ஸ்டேசன் ஆரம்பிச்சாச்சா? இன்னைக்கும் நல்ல சேதி மட்டுந்தானா?" என்று கேட்பாள். சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். நான் பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டு, பின்னால் ஓட்டி, அவள் குரலையும் அழிப்பேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்தால் என் தொழில்தான் நினைவுக்கு வருகிறது. இன்ஸ்பெக்‌ஷன் வருவதற்கு முந்தின சாயங்காலம், வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் மூன்று பேரைத் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்கு நீங்க வீட்லயே இருந்துக்கோங்கடா" என்று சொல்லியிருக்கிறேன். அதிகாரி வந்தார், வாசிக்கச் சொல்லிக் கேட்டார், பாராட்டி எழுதிவிட்டுப் போனார். அந்த மூன்று பேர் இருப்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஏதாவது வழி சொல்லியிருப்பாரோ என்னவோ. ஆனால் அந்த மூன்று பேருக்கும் ஒன்று தெரிந்துவிட்டது, தாங்கள் மறைத்து வைக்கப்பட வேண்டியவர்கள் என்று. வீட்டிலும் நான் அதையே செய்தேன். இந்த வீட்டுக்கு உரியவளை, வந்து பார்த்துவிட்டுப் போகிற அதிகாரியாக ஆக்கிவிட்டேன்.

நீ மாதா கோயில் மதில்மேலிருந்து விழுந்தது அந்த வருடம்தான். இடது முழங்கை. வீங்கியிருந்தது, உடைந்திருக்காது என்று நானே முடிவு செய்துகொண்டு, தெரிந்தவர் ஒருவரிடம் எண்ணெய்க் கட்டுப் போட்டுக் கூட்டிவந்தேன். வலி தாங்காமல் நீ அழுததைத்தான் அன்றைக்கு அழித்தேன். உன் அம்மா எலும்பு முறிந்த பிள்ளைகளை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவள். எப்படியாவது ஒரு போன் பிடித்துச் சொல்லியிருந்தால், "மொதல்ல போயி எக்ஸ்ரே எடுங்க" என்று ஒரே வார்த்தை சொல்லியிருப்பாள். அந்த வார்த்தை வீட்டுக்குள் வர நான் வழிவிடவில்லை. ஆறு மாதம் கழித்து அவள் லீவில் வந்தாள். விமான நிலையத்தில் நீ ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். வலது கை முழுதாகச் சுற்றியது. இடது கை பாதியில் நின்றுவிட்டது.

"என்ன இது, கை?"

"அது ஒண்ணுமில்ல. ஆறு மாசம் ஆச்சு" என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. வேன் கடலூர் வந்து சேரும்வரை உன் முழங்கையை மடியில் வைத்து, மெதுவாக நீட்டுவாள், அது நிற்கும் இடத்தை விரலால் தொட்டுப் பார்ப்பாள், மறுபடி மடக்குவாள். திண்டிவனத்தில் டீ குடிக்க வண்டி நின்றபோதும் இறங்கவில்லை. கோபம், இரண்டு நாளில் ஆறிவிடும் என்று நினைத்தேன். அந்த வேனுக்குள் உட்கார்ந்து அவள் ஒரு முடிவு எடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. அடுத்த லீவில் வந்தபோது அவள் அடிவயிற்றில் ஒரு தையல் தழும்பு இருந்தது. காய்ந்து வெளுத்துப்போன தழும்பு. "எப்போ?" என்று கேட்டேன். பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள், "அது ஒண்ணுமில்ல. எட்டு மாசம் ஆச்சு." அந்த எட்டு மாதத்தில் அவளிடமிருந்து எனக்கு நான்கு கேசட் வந்திருந்தன. நான்கிலும் அவள் நன்றாக இருந்தாள்.

பிறகு அவள் ஒரேயடியாகத் திரும்பி வந்தாள். உன் அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டு நீ பார்த்ததே இல்லை என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வாய். உண்மைதான். சண்டை போடுவதற்கு ஒருவரைப் பற்றி ஒருவருக்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமே. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, பால் வந்ததா என்று இத்தனை வருடம் ஓடிவிட்டது. போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், பரணில் ஏதோ தேடும்போது அந்தப் பழைய கேசட்டுகள் இருந்த டப்பா கையில் கிடைத்தது. உன் அம்மா அதை வாங்கித் திறந்து பார்த்தாள். அப்போதுதான் முதல் முறையாகச் சொன்னாள். "நடு நடுவுல டக்குனு ஒரு சத்தம் வரும், தெரியுமா? நீங்க பட்டன அமுக்குன சத்தம். அது வந்தா நான் நிறுத்திடுவேன். ஹாஸ்டல் கட்டில்ல ஒக்காந்துகிட்டு, இந்த எடத்துல என்னா இருந்துருக்கும்னு யோசிப்பேன். புள்ள உசுரோட இருக்கானா, பழைய கேசட்டு எதுனா போட்டு ஏமாத்துறாரான்ற வரைக்கும் போவும். மிச்சத்தக் கேக்க ரெண்டு நாளு ஆவும்." "ஒரு தடவையாவது கேட்டிருக்கலாமே" என்றேன். "கேட்டா நெசத்தயா சொல்லிருப்பீங்க?" என்றாள். அவள் கவலைப்படக் கூடாதென்று நான் அழித்த ஒவ்வொரு இடத்திலும் அவள் அதைவிடப் பெரிய ஒன்றை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். விமலாவுக்குக் கடலாராய்ச்சிக் கப்பலில் வேலை கிடைத்தபோது நம் குடும்பத்தில் முதலில் சந்தோஷப்பட்டவன் நான். பரங்கிப்பேட்டையில் படித்த நாளிலிருந்து அவளுக்கு இருந்த ஆசை அது. ஒரு முறை ஏறினால் இரண்டரை மாதம் என்று அவள் தயங்கியபோது, போய் வா என்று சொன்னேன். "பொம்பளப் புள்ளைய கடலுக்கு அனுப்பிட்டு ஒங்க புள்ள வூட்ல சமையல் பண்றானா மாமா?" என்று உன் மச்சான் கல்யாணப் பந்தியில் வைத்து என்னைக் கேட்டான். "நானும் பண்ணுனவன்தான்டா. எங்க வூட்டு சாம்பாரத்தான நீ வாளியோட குடிப்ப" என்றேன். பந்தியே சிரித்தது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவள் போனதில் தப்பே இல்லை. எனக்குக் கப்பலைப் பற்றிப் பயமில்லை. கப்பலிலிருந்து உன் வீட்டுக்கு ஞாயிறு காலை வரும் அந்தப் பத்து நிமிடப் போனைப் பார்த்துத்தான் பயப்படுகிறேன்.

விமலா இரண்டாம் முறை கப்பல் ஏறிய பத்தாம் நாள் ஷைனிக்குப் பள்ளியில் வலிப்பு வந்தது. அடுத்தது வீட்டில், குளியலறையில். விழுந்ததில் இடது புருவத்துக்கு மேல் மூன்று தையல். நீ போன் செய்ததும் கிளம்பி வந்தேன். உன் அம்மாவிடம், பேத்தியைப் பார்த்து நாளாயிற்று என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். நீ அப்படிச் சொல்லச் சொன்னாய். எனக்கும் அது கஷ்டமாக இல்லை. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, புதுச்சேரியில் பெரிய டாக்டரைப் பார்க்கச் சொன்னார். "அம்மா சைடுல யாருக்காவது ஃபிட்ஸ் இருந்துருக்கா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றாய், யோசிக்காமலே. வெளியே படிக்கட்டில் உன்னை நிறுத்தினேன்.

"ஒனக்கு எப்பிடிடா தெரியும்?"

"இருந்தா சொல்லிருப்பாளேப்பா."

"நீ இதச் சொன்னியா அவகிட்ட?"

நீ வண்டிச் சாவியைத் தேடினாய். "வாரத்துக்குப் பத்து நிமிசம்ப்பா. அந்தப் பத்து நிமிசத்துலயும் அவள அழ வைக்கணுமா? நடுக்கடல்ல இருக்கறவகிட்ட சொன்னா, நீந்தியா வருவா?"

நான் வண்டியில் ஏறிக்கொண்டேன். அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாதம் முழுவதும் என்னுடையது. என் வாயிலிருந்து வந்ததை உன் வாயிலிருந்து கேட்கும்போது மறுக்க எனக்கு முகமில்லை. அந்த ஞாயிறு நடந்ததை நீ கவனித்தாயா என்று தெரியவில்லை. போன் அடித்தது. நீ ஷைனியைக் கூப்பிட்டாய். தையல்மேல் ஒட்டிய பிளாஸ்திரியைப் பற்றி நீ ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, அது எனக்குத் தெரியும். குழந்தை தானாக வந்து, நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, வலது பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள். படம் விட்டு விட்டு வந்தது. "ஏன்டா செல்லம், அம்மாவப் பாக்காம அந்தப் பக்கம் என்னா பாக்குற?" என்றாள் விமலா. "ஜன்னல்ல அணில் இருக்கும்மா" என்றாள் ஷைனி. ஜன்னலில் ஒன்றும் இல்லை. விமலா ஒரு விநாடி பேசவில்லை. பிறகு, "அப்பிடியா, எவ்ளோ பெரிய அணில்?" என்று கேட்டாள். பேச்சு முடிந்ததும் நீ குழந்தையின் தலையைத் தடவி, "சமத்து" என்றாய். விமலாவின் அந்த ஒரு விநாடி எனக்கு இன்னும் உறுத்துகிறது. நான் வாய் திறக்காமல் இருந்து கெடுத்த வீடுகளில் இது இரண்டாவது.

அடுத்து நடந்ததை உனக்கு அப்போதே போனில் சொன்னேன். ஆனால் ஷைனி சொன்ன விதத்தைச் சொல்லவில்லை. புதன்கிழமை காலை, பள்ளிக்குக் கிளம்ப ஷூ மாட்டிவிட்டுக் கொண்டிருந்தேன். "தாத்தா, எனக்கு மறுபடியும் வந்துச்சு" என்றாள், பென்சில் தொலைந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. எப்போது என்று கேட்டேன். "நேத்து. நீ கறிவேப்பில வாங்கப் போனப்ப." நான் போனது பத்து நிமிடம். தரையில் கிடந்து தானாக முழித்திருக்கிறாள். கவுன் நனைந்திருந்ததாம். வேறு கவுன் மாற்றிக்கொண்டு, நனைந்ததை வாளியில் போட்டு, சோப்புத் தூளும் போட்டு மூடி வைத்திருக்கிறாள். நான் வந்து கதவைத் தட்டியபோது திறந்து சிரித்தவள் அவள்தான். "ஏம்மா அப்பவே சொல்லல?" என்றேன். "அப்பாகிட்டயும் சொல்லாத தாத்தா. அவுங்களுக்கு ஆபீஸ்ல வேல ஜாஸ்தி. கவலப்படுவாங்க" என்றாள். ஆறு வயது. நான் உனக்குச் சொல்லிக் கொடுக்க இரண்டு வருடம் பிடித்த பாடம். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவே இல்லை. ஐந்து வாரத்தில் பார்த்தே கற்றுக்கொண்டாள்.

நீ ஆபீஸிலிருந்து ஓடி வந்தாய். அவளைத் தூக்கிக்கொண்டு கதவோரம் நின்று அழுதாய். இனிமேல் மாறிவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் நான் பஸ் ஏற வந்தேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "விமலாகிட்ட மட்டும் இப்ப வேணாம்ப்பா. டெஸ்ட்டு முடியட்டும்" என்றாய். 

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவளிடம் ஒன்றையும் வெட்டாமல் சொன்னது அன்றைக்குத்தான். அவள் நர்ஸாகவே கேட்டாள். "ஜுரத்தோட வந்துச்சா? எவ்ளோ நேரம் இருந்துச்சு? ஒரு பக்கமா இழுத்துச்சா? மாத்திரைய வேள தவறாம குடுக்குறானா?" தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். கடைசியாக, "விமலா என்னா சொல்றா?" என்று கேட்டாள். நான் பஸ் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னும் அதேதானா?"

நான் தலையாட்டினேன். "அம்மா பக்கத்துல யாருக்காவது இருந்துச்சான்னு டாக்டர் சும்மா கேக்கல. அதெல்லாம் தெரிஞ்சாத்தான் அவுங்களால ஒழுங்கா பாக்க முடியும். வர்ற வியாழக்கிழமை புதுச்சேரி டாக்டர்கிட்டயும் போயி ஒக்காந்து, இல்ல சார்னு சொல்லுவானா ஒங்க புள்ள?" என்றாள். என் பிள்ளையாம். பிறகு எழுந்து போய்ப் பெட்டியை எடுத்துத் துணி வைக்க ஆரம்பித்தாள். காலை முதல் பஸ்ஸில் உன் வீட்டுக்கு வருகிறாள். இனி ஷைனியை ஒரு நிமிடமும் தனியாக விடப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள். இந்தக் கடிதம் அவள் கையில்தான் வருகிறது.

ஒன்று சொல்கிறேன், கேள். ஷைனி என்னிடம் சொன்னாள். சொன்னதும் வீட்டில் என்ன ஆயிற்று என்று அவள் பார்த்தாள். தாத்தா முகம் வெளுத்தது, அப்பா அழுதார், எல்லோரும் ஓடினார்கள். அம்மாவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அடுத்த முறை வந்தால் யாரிடம் சொல்வது என்று அவள் இந்நேரம் யோசித்து வைத்திருப்பாள். யாரிடமும் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால் அது நமக்குத் தெரியப் போவதில்லை. படிக்கட்டில் வரலாம், ரோட்டைக் கடக்கும்போது வரலாம். எழுந்து, முகம் கழுவி, கதவைத் திறந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு அவளுக்கு ஒவ்வொரு முறையும் அதிர்ஷ்டம் இருக்கும் என்று நான் நம்பவில்லை. விமலாவும் ஒருநாள் கப்பலிலிருந்து இறங்குவாள். புருவத்துக்கு மேல் தழும்பைப் பார்ப்பாள். நீ ஒரு பதில் வைத்திருப்பாய். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு அவள் மனதில் என்ன முடிவாகும் என்று உனக்குத் தெரியாது. தெரிய எத்தனை வருடம் ஆகும் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

நடுக்கடலில் இருப்பவள் நீந்தி வர மாட்டாள். ஆனால் டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் அவளிடம் மட்டும்தான் இருக்கிறது. அவள் அம்மா வீட்டுக்கு ஒரு போன் போட்டு விசாரித்துவிடலாம் என்று குறுக்குவழி தேடாதே. விமலாவைத் தாண்டி அங்கே போய்க் கேட்பதும் மறைப்பதுதான். அவள் அழுவாள். அழட்டும். அழுது முடித்துவிட்டு உன்னைவிடத் தெளிவாக நாலு கேள்வி கேட்பாள். விஞ்ஞானம் படித்தவள் அவள், கேள்வி கேட்பதுதான் அவள் வேலை.

கப்பலுக்கு ஈமெயில் தினமும் போய்ச் சேருகிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஞாயிறு வரை காத்திருக்காதே. இதைப் படித்து முடித்ததும் உட்கார்ந்து அவளுக்கு எழுது: "ஷைனிக்கு மூணு தடவ ஃபிட்ஸ் வந்துடுச்சு. உங்க வீட்ல யாருக்காவது இருந்துச்சா?" இந்த இரண்டு வரியை மட்டும் எழுதி, கீழே ‘கவலைப்படாதே’ என்று சேர்க்காமல், அனுப்பு.